வண்ணங்களின் முரண் கண்ட ஷெவ்ரல்

வேதியியல் பயின்றோர்க்கு மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்பது கொழுப்பமிலங்களை வகுத்துக் காட்டியவரின் பெயர். ஓவியம் பயின்றோர்க்கோ அது வண்ண முரண் விதியை வகுத்தவரின் பெயர். இருவரும் ஒருவரே என்பதை இரு திறத்தாரும் நினைத்துப் பார்ப்பது அரிது. பிரெஞ்சுப் புரட்சிக்கு மூன்றாண்டு முன்னர்ப் பிறந்து, அப்புரட்சியின் நூற்றாண்டு விழா நிகழ்ந்த 1889-இல் மறைந்த இப்பெருமகனார் மன்னராட்சி, குடியரசு, பேரரசு என மாறி மாறி வந்த ஆட்சிகள் அனைத்தையும் கண்டவர். எனினும் அவருடைய வாழ்வின் நடுப்பகுதியை ஆட்கொண்டது அரசியல் அன்று. ஒரு சாயப்பட்டறையில் எழுந்த முறையீடு. கறுப்பு ஏன் கறுப்பாகத் தோன்றவில்லை என்பதே அம்முறையீடு.

பிரான்சின் மேற்கே ஆன்ஜே என்னும் ஊரில் 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் ஷெவ்ரல் பிறந்தார். தந்தையார் மருத்துவர், மருத்துவம் கற்பித்தவரும் ஆவார். சிறுவனின் ஏழாம் வயதில் வாந்தே உள்நாட்டுப் போர் ஆன்ஜே நகரின் மதிற்புறம் வரை வந்தது. அந்நாளைய குருதியையும் கூச்சலையும் கண்டு வளர்ந்தவர் பிற்காலத்தில் எக்கட்சியிலும் சேராது ஆய்வகத்திலேயே அடங்கியிருந்தது வியப்பன்று. பதினேழாம் வயதில், 1803-இல், பாரிசு சென்று வோக்லான் என்னும் வேதியியலாரிடம் மாணவராக அமர்ந்தார். குடியானவர் மகனாகப் பிறந்து உயர்ந்த அவ்வாசிரியரே குரோமியம் என்னும் தனிமத்தைக் கண்டவர். அதன் சேர்மங்கள் பல வண்ணம் காட்டுவதால் வண்ணம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று அப்பெயர் அமைந்தது. மாணவரின் முதல் ஆய்வுகளும் சாயங்களைப் பற்றியனவே. அவுரி நீலத்தை ஆராய்ந்தார். கருஞ்சாயம் தரும் அமெரிக்க மரமாகிய லாக்வுட்டின் கட்டையினின்று அதன் சாயப்பொருளைப் பிரித்தெடுத்தார். கறுப்போடு அவருக்குற்ற தொடர்பு இளமையிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளை விழுங்கியது கொழுப்பு. பன்றிக் கொழுப்பினின்று செய்த சவர்க்காரத்தை 1811-இல் ஆராயத் தொடங்கியவர், கொழுப்பு என்பது அமிலங்களும் கிளிசரினும் கூடிய ஒன்று எனக் காட்டும் நூலை 1823-இல் வெளியிட்டார். ஸ்டியரிக், ஓலியிக் முதலிய பெயர்கள் அவ்வாய்வின் வழி வந்தவை; கிளிசரின் என்னும் பெயரும் அவர் இட்டதே. புகையும் நாற்றமும் மிகுந்த விலங்குக் கொழுப்பு மெழுகுவர்த்தியை நீக்கி, வெண்மையாக எரியும் ஸ்டியரின் மெழுகுவர்த்தி செய்வதற்கு 1825-இல் கே லுசாக்குடன் இணைந்து காப்புரிமை பெற்றார். வணிகத்தில் அம்முயற்சி பயன் தரவில்லை. பின்வந்தோரே அதனால் பொருள் ஈட்டினர்.

இதனிடையே அவர் செய்த சிறு சோதனை ஒன்று வண்ண ஆய்வுக்குத் தொடர்பில்லாதது போலத் தோன்றும். உண்மையில் அதற்கு வாயிலாக அமைந்தது அதுவே. நூலிற் கட்டிய வளையத்தைப் பாதரசத்தின் மேல் பிடித்தால் அது தானே ஊசலாடும் என்று அந்நாளில் கற்றோரும் நம்பினர். 1812-இல் ஷெவ்ரல் அதனைத் தாமே செய்து பார்த்தார். வளையம் ஊசலாடியது. இடையே கண்ணாடித் தகடு ஒன்றை வைத்தபோது அசைவு தளர்ந்தது. பிறராயின் மறைபொருள் ஆற்றல் மெய்ப்பிக்கப்பட்டது என்று அங்கேயே முடித்திருப்பர். அவரோ தம் கையை ஐயுற்றார். கையைத் தாங்கு ஒன்றின்மேல் ஊன்றிப் பார்த்தார்; ஊன்ற ஊன்ற ஊசல் குறைந்தது. பின்னர்த் தம் கண்களைக் கட்டிக்கொண்டு, தகட்டை வைப்பதையும் எடுப்பதையும் வேறொருவரிடம் விட்டார். அப்போது தகடு இருப்பதும் இல்லாததும் ஊசலில் ஒரு வேறுபாடும் காட்டவில்லை. ஊசலை ஆட்டியது பாதரசம் அன்று. அசைவை எதிர்நோக்கிய தம் கண்ணும், தாம் அறியாமலே அதற்கு ஏவல் செய்த தம் கையும் என்று தெளிந்தார். இதனை 1833-இல் ஆம்பியருக்கு எழுதிய மடலாக வெளியிட்டார். பொய் சொல்லாத ஒருவரும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள இயலும் என்னும் இப்பாடமே சாயப்பட்டறையில் அவருக்குக் கைகொடுத்தது.

பாரிசின் பியேவ்ர் ஆற்றங்கரையில் பதினைந்தாம் நூற்றாண்டில் கோபெலின் என்னும் குடும்பத்தார் தொடங்கிய சாயப்பட்டறை, 1662-இல் பதினான்காம் லூயி மன்னனின் காலத்தில் அரச நெசவகமாயிற்று. சித்திரத் திரைச்சீலைகளுக்கு ஐரோப்பா எங்கும் பெயர்பெற்ற இடம் அது. நெசவாளர் சீலையின் பின்புறம் அமர்ந்து, முன்புறம் வைத்த கண்ணாடியில் தாம் நெய்வதைப் பார்த்துக்கொண்டே நெய்வர். ஓவியர் எழுதித்தரும் படத்தைக் கம்பளியிலும் பட்டிலும் அப்படியே கொணர்வது அவர்தம் கடமை. 1824-இல் அங்குச் சாயப் பிரிவின் இயக்குநராக ஷெவ்ரல் அமர்த்தப்பட்டார். வந்தவரை வரவேற்றவை முறையீடுகளே. சில வெளிர்நீலங்களும் ஊதாக்களும் சாம்பல் நிறங்களும் நிலைக்கவில்லை என்றனர். ஆராய்ந்து, அது மெய்யே என ஒப்பினார். மற்றொரு முறையீடு கறுப்பைப் பற்றியது. நீல ஆடை, ஊதா ஆடை இவற்றின் மடிப்புகளில் நிழலாக நெய்யப்படும் கறுப்பு வலுவிழந்து வெளிறித் தோன்றுகிறது. சாயம் தோய்ப்போர் தம் பணியைச் செம்மையாகச் செய்யவில்லை என்பது குற்றச்சாட்டு.

வேதியியலார் ஒருவரிடம் இக்குறை வந்தால் அவர் சாயத்தொட்டியை நோக்கியே நடப்பார். ஷெவ்ரலும் அங்ஙனமே தொடங்கினார். பிரான்சின் சிறந்த பட்டறைகளிலிருந்தும் இலண்டன், வியன்னா நகரங்களிலிருந்தும் கருங்கம்பளி வரவழைத்து, கோபெலின் கறுப்போடு அருகருகே வைத்து ஒப்பிட்டார். கோபெலின் கறுப்பு அவை எவற்றுக்கும் தாழ்ந்ததாக இல்லை. தோய்ப்போர் கையில் குற்றமில்லை. நெசவாளரும் பொய் கூறவில்லை. சீலையில் கறுப்பு வெளிறித்தான் தோன்றியது. இருவர் கூற்றும் மெய்யாயின் குறை எங்கே உள்ளது? அஃது இழையில் இல்லை, இழையின் அண்டையில் உள்ளது என்று அவர் கண்டார். நீலத்தை அடுத்த கறுப்பின் மீது நீலத்தின் எதிர்வண்ணமாகிய செம்மஞ்சள் ஒரு மெல்லிய படலமாகப் படர்வது போலக் கண் காண்கிறது. செம்மஞ்சள் ஒளிமிக்க வண்ணம். அது படர்ந்த கறுப்பு துருவேறியது போல வெளிறுகிறது. சாயத்தை எத்துணை முறை தோய்ப்பினும் இது மாறாது. தொட்டியில் தீர்வைத் தேட வந்தவர் தொட்டியை விட்டு வெளியேறியது இங்கேதான். தம் துறையால் விடை கூற இயலாத வினா இது என்று அறிந்தபின்பும் அதனைக் கைவிடாது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தமையே அவர் பெருமை.

எதிர்வண்ணத் தோற்றங்களை முன்னரே கண்டோர் இல்லாமல் இல்லை. 1743-இல் பூஃபோன் அவற்றைப் பற்றி எழுதியிருந்தார். ரம்ஃபர்ட் வண்ண நிழல்களை ஆராய்ந்திருந்தார். கேத்தேயின் வண்ணநூல் 1810-இல் வந்துவிட்டது. ஆயினும் சிதறிக் கிடந்த காட்சிகளைத் தறிக்கும் தூரிகைக்கும் பயன்படும் ஒரே விதியாகக் கட்டியவர் ஷெவ்ரலே.

அவர் செய்த சோதனை எவரும் செய்யத்தக்க எளிமையுடையது. ஒரே நிறமுடைய இரு பட்டைகள், வேறு நிறமுடைய இரு பட்டைகள் என நான்கு துண்டுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து நடுவே ஒட்டி வைத்தார். மற்றவற்றை இருபுறமும் தள்ளி வைத்தார். ஒட்டியிருந்த இரண்டும் தம் இணைகளைப் போலத் தோன்றாமல் ஒன்றையொன்று விட்டு விலகித் தோன்றின. சிவப்பை அடுத்த மஞ்சள் பச்சையை நோக்கிச் சாய்ந்தது. மஞ்சளை அடுத்த சிவப்பு ஊதாவை நோக்கிச் சாய்ந்தது. எதிர்வண்ணங்களே அடுத்தடுத்து அமைந்தால் இரண்டும் மேலும் ஒளிபெற்றன.

இவ்விடத்து அவர் செய்த பகுப்பு ஒன்று கருதத்தக்கது. சிவப்பா நீலமா என்பது நிறம். ஒரே நீலத்துள் வெளிர்நீலம் முதல் கருநீலம் வரை ஏறியிறங்கும் படி தொனி. கவிதையியலார் வழங்கும் தொனி வேறு. ஓவியர் தொனி ஒளியும் இருளும் பற்றியது. நிறத்தில் முரண் உண்டு, தொனியிலும் முரண் உண்டு, இரண்டும் ஒருங்கே நிகழும் என்றார் ஷெவ்ரல். தொனியின் முரணைக் காட்டச் சாம்பல் நிறத்தின் பல படிகளை வெளிறியதிலிருந்து கரியது வரை பட்டைகளாக வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு பட்டையும் முழுதும் ஒரே சீரான சாம்பலே. ஆயினும் கரிய அண்டையைத் தொடும் ஓரத்தில் அது வெளிறியும், வெளிறிய அண்டையைத் தொடும் ஓரத்தில் கறுத்தும் தோன்றியது. தட்டையான பட்டைகள் தூணில் செதுக்கிய வரிகளைப் போலக் குழிந்து தோன்றின. இக்காட்சியை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றனர். பட்டைகளின் நடுவே மெல்லிய குச்சியொன்றை எல்லைமேல் வைத்து மறைத்தால் குழிவு மறைந்துவிடும். எல்லையே இம்மாயத்தின் இருப்பிடம். ஓவியம் கற்போர் நிறத்துக்கு முன் தொனியைக் கற்க வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்துவதன் காரணமும் இதனுள் அடங்கும். உருவத்துக்குத் திரட்சி தருவது பெரும்பாலும் தொனியே. நிறம் பிழைத்த படமும் தொனி பிழையாதாயின் உருவாக நிற்கும்.

கண்ணின் இத்தன்மையை அறியாமையால் எளியோர்க்கு நேரும் இழப்பை ஷெவ்ரல் பலகால் கண்டார். துணி வணிகர் சிலர் சிவப்பு, ஊதா, நீலம் என ஒற்றை நிறத் துணிகளை அச்சிடுவோரிடம் தந்து, கருநிறப் பூவேலை அச்சிடச் சொன்னார்கள். துணி திரும்பி வந்தபோது சிவப்பின்மேல் பூக்கள் பச்சையாகவும், ஊதாவின்மேல் பசுமஞ்சளாகவும், நீலத்தின்மேல் செம்பு நிறமாகவும் தோன்றின. கறுப்புக்கு மாறாக வேறு சாயம் பூசி ஏய்த்துவிட்டனர் என்று வணிகர் சினந்தனர். வழக்கு ஷெவ்ரலிடம் வந்தது. அவர் சாயத்தைக் கரைத்து ஆராயவில்லை. வெள்ளைத் தாளில் பூவின் வடிவத்தை மட்டும் வெட்டி எடுத்து, அத்தாளைத் துணிமேல் பரப்பினார். தளத்தின் நிறம் மறைந்தது. துளைகளின் வழியே தெரிந்தது தூய கறுப்பு. அச்சிடுவோர் பழியிலிருந்து நீங்கினர். தளத்தின் நிறத்தைச் சிறிதளவு கறுப்பினுள் கலந்து அச்சிட்டால் அது கறுப்பாகவே தோன்றும் என்னும் மாற்றையும் அவர் கூறினார். கறுப்பாகத் தோன்றுவதற்குக் கறுப்பு சற்றே கறுப்பல்லாததாக வேண்டும் என்னும் இம்முரணைப் பாவலர் உவப்பர்.

துணிக்கடைக்காரர்க்கு அவர் கூறிய மற்றோர் அறிவுரையும் சுவையானது. வாங்க வந்தவரிடம் பதினான்கு சிவப்புத் துணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், எல்லாம் ஒரே சிவப்பாயினும் பிற்பாதித் துணிகள் மங்கியவையாகவே அவர்க்குத் தோன்றும். சிவப்பைக் கண்டு களைத்த கண் அதன் எதிரான பச்சையைத் தானே எழுப்பிக்கொள்வதே காரணம். ஆகவே இடையே பச்சைத் துணியைக் காட்டிக் கண்ணை ஆற்றிவிட வேண்டும். அருகருகே நிகழ்வதை உடனிகழ் முரண் என்றும், ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வதைப் பின்னிகழ் முரண் என்றும் தமிழில் கூறலாம். தொடை வகுத்த நம் இலக்கணத்தார் முரணையும் ஒரு தொடையாகக் கொண்டதை அறிந்தவர்க்கு இப்பெயர்கள் அயன்மையாகத் தோன்றா.

1828 ஏப்ரலில் அறிவியற் கழகத்தில் முதல் கட்டுரையைப் படித்தார். முழு நூல் 1839-இல்தான் வெளிவந்தது. ஓவியம், சித்திரத் திரைச்சீலை, பதிகல் வேலை, வண்ணக் கண்ணாடி, துணியச்சு, நிலப்படம், ஆடை, பூந்தோட்டம் என அந்நூல் தொடாத துறை அரிது. படத்துக்கு எந்நிறச் சட்டம் பொருந்தும், பாத்தியில் எப்பூவின் அருகே எப்பூவை நடலாம் என்பவற்றையெல்லாம் அதே பொறுமையோடு எழுதினார். படிப்போர்க்குச் சில இடங்களில் சலிப்புத் தட்டும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவரை வாட்டிய மற்றொன்று வண்ணங்களுக்குப் பெயரில்லாமை. ஒரே சொல்லை இருவர் இரு வண்ணத்துக்கு வழங்கினால் பட்டறை எங்ஙனம் நடக்கும்? பசுமை என்னும் ஒரு சொல்லால் இலையையும் பொன்னையும் சுட்டும் மொழியில் வாழ்வோர்க்கு இத்துன்பம் விளங்காமற் போகாது. பாவலர்க்கு வளமாவது தோய்ப்போர்க்கு இடராகும். வண்ணங்களை 72 நிறங்கள் கொண்ட வட்டமாக வகுத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் வெண்மையிலிருந்து கருமை வரை 20 தொனிகள் அமைத்து, அவற்றைக் கருமை கலந்து படிப்படியாக மங்கச் செய்து, 14,400 வண்ணங்களை எண்ணால் சுட்டும் முறையை உருவாக்கினார். 1861-இல் வெளிவந்த பெருநூல் இதனை விரித்துரைக்கிறது. இந்த ஒழுங்கில் ஒரு குறையுமுண்டு. நிறத்துக்கு நிறம் தொனி வேறுபடுவதை அவ்வமைப்பு நேர்செய்யவில்லை; மஞ்சள் தன் முழு வலிமையை வெளிறிய படியிலேயே அடைகிறது, நீலமோ கரிய படியில் அடைகிறது. நிறம், தொனி, செறிவு மூன்றையும் தனித்தனியே அளந்து அவ்வேறுபாட்டுக்கு இடம் தரும் முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கராகிய மன்செல் என்பவரால் அமைந்தது. மேலும், எண்ணிறந்த வண்ண இழைகள் கைக்கு எட்டியதால் திரைச்சீலை தன் இயல்பான துணிவை இழந்து எண்ணெய் ஓவியத்தின் நிழலாயிற்று என்னும் குறைபாடும் கூறப்பட்டது. இக்குறையைத் திருத்த இருபதாம் நூற்றாண்டில் லுர்சா முதலியோர் சில வண்ணங்களுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. கருவியின் மிகுதி கலைக்கு எப்போதும் நலம் பயப்பதில்லை.

ஓவியர் அவரை விரும்பிப் பயின்றனர். முதலில் டெலக்ருவா, பின்னர் ஜார்ஜ் சோராவும் பால் சின்யாக்கும். 1884-இல் சின்யாக் தம் நண்பருடன் முதியவரை நேரில் சென்று கண்டார். ஆயினும் சோராவின் புள்ளி ஓவியம் ஷெவ்ரல் விதியின் நேர்ப்பயன் என்று எழுதுவோர் ஒரு நுட்பத்தைத் தவற விடுகின்றனர். பரந்த இரு வண்ணங்கள் அடுத்திருந்தால் முரண் விளைகிறது; அவையே நுண்புள்ளிகளாகச் சிதறித் தொலைவிலிருந்து காணப்பட்டால் கலந்துவிடுகின்றன. முரணும் கலப்பும் எதிரெதிர் வினைகள். எதிர்வண்ண இழைகளைச் சேர்த்து முறுக்கினால் சாம்பல்தான் விளையும் என்று தறியருகே நின்று அறிந்தவர் ஷெவ்ரல். இரண்டையும் அவர் குழப்பியதில்லை. சோராவும் ஷெவ்ரலை மட்டும் பயின்றவர் அல்லர். அமெரிக்க இயற்பியலார் ரூடின் நூலும் அவர் மேசையில் இருந்தது. சோரா ஷெவ்ரலிடம் பெற்றது புள்ளியை அன்று, எல்லையை எனல் பொருந்தும். சோராவின் உருவங்கள் ஒளி வாங்கும் பக்கத்தில் பின்புலம் சற்றே கருமையும், நிழற்பக்கத்தில் பின்புலம் சற்றே வெளிறும் ஏற்பதைக் காணலாம். சாம்பற் பட்டைகளின் ஓரத்தில் நிகழ்ந்ததே அங்கும் நிகழ்கிறது.

1857-இல் இலண்டன் வேந்தியக் கழகத்தின் கோப்ளி பதக்கம் அவருக்கு வழங்கப்பெற்றது. பின்னர்ப் பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இயக்குநரானார். 1871 சனவரியில் பிரஷ்யப் படையின் குண்டுகள் அருங்காட்சியகத் தோட்டத்தில் விழுந்து செடிகொடி வளர்த்த கண்ணாடி இல்லங்களை நொறுக்கியபோது, எண்பத்து நான்கு வயது இயக்குநர் இடம்பெயராமல் இருந்து, உலகறியக் கண்டன அறிக்கை எழுதினார். மனைவியாரை 1862-இலேயே இழந்திருந்தார். நெசவகப் பணியை 1883-இல் விடுத்தபோது வயது தொண்ணூற்றேழை நெருங்கிக்கொண்டிருந்தது. தம்மை அறிஞர் என்னாது பிரான்சின் மாணவருள் மூத்தவர் என்றே சொல்லிக்கொள்வார். மதுவைத் தொடாது நீரையே அருந்தியவர். மதுவுக்குப் பேர்போன சொந்த நாட்டார் மதுச் சங்கம் ஒன்றுக்கு அவரைத் தலைவராக்கி மகிழ்ந்தனர் என்பது அந்நாளைய நகைச்சுவை.

1886 ஆகஸ்டு 31-இல் அவருக்கு நூறு வயது நிறைந்தது. அரசே விழா எடுத்தது, பதக்கம் வார்க்கப்பட்டது. ஒளிப்பட வல்லுநர் நதார் அவரோடு உரையாட, நதாரின் மகன் பால் அவ்வுரையாடலின் முகக்குறிப்புகளைத் தொடர் படங்களாக எடுத்தார். செப்டம்பர் 5-இல் இதழொன்றில் அவை வெளிவந்தன. படங்களொடு கூடிய முதல் நேர்காணல்களுள் ஒன்றாக அதனைக் கூறுவர். அவ்விழா நடந்த அதே நாள்களில், பாரிசில் தனியோவியர் கண்காட்சியில், கிராந்த் ஜாத் தீவின் ஞாயிற்றுக்கிழமையைக் காட்டும் சோராவின் பெரும்படம் மாட்டப்பட்டிருந்தது. முதியவருக்கு வயது நூறு, ஓவியருக்கு இருபத்தாறு.

ஐஃபல் கோபுரத்தின் முதல் தளத்தைச் சுற்றிப் பிரான்சின் அறிஞர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவருட் பெரும்பாலோர் மறைந்தவர். தம் பெயரைக் கோபுரம் தாங்கியபோது உயிரோடிருந்த மிகச் சிலருள் ஷெவ்ரல் ஒருவர். பெயர்களின் எண்ணிக்கை 72. அவருடைய வண்ண வட்டத்தின் நிறங்களும் 72 என்பது தற்செயல். கோபுரம் 1889 மார்ச்சு 31-இல் திறக்கப்பட்டது. ஏப்ரல் 9-ஆம் நாள் நூற்றிரண்டு வயதும் ஏழு திங்களும் நிரம்பிய நிலையில் ஷெவ்ரல் மறைந்தார். நோத்ரு தாம் பேராலயத்தில் இறுதி வழிபாடு நடந்தபின், பாரிசுக்குத் தெற்கே அவர் வாழ்ந்துவந்த லே என்னும் சிற்றூரில் உடல் அடக்கம் செய்யப்பட்டது.